பப்பாளியில படிஞ்ச வெள்ளையும் ஒரு பொடிக் குளவியும்: கோவை வேளாண் பல்கலை டீம் செஞ்ச வேலை

2009, 2010 வாக்குல கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். வீட்டுப் பின்னாடி ஒரு பப்பாளி மரம் நின்னா போதும், இலையோட அடிப்பக்கம், தண்டு, காய் எல்லாத்துலயும் வெள்ளையா மாவு பூசினாப்ல அப்பிக்கிட்டு இருக்கும், தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், எறும்பு வரிசை கட்டி ஏறும், கொஞ்ச நாள்ல இலை சுருண்டு காய் வெம்பி மரமே காஞ்சு போகும். பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒரு பூச்சி பண்ணின வேலை அது. பப்பாளியோட நிக்கல. வேலியில இருக்குற செம்பருத்தி, தோட்டத்து மரவள்ளி, மல்பெரி, கத்தரி, தேக்கு, ரோட்டோரத்துப் பார்த்தீனியம் வரைக்கும் எதையும் விட்டு வைக்கல. அப்புறம் 2011ல பார்த்தா ஆளையே காணோம். மழை பேஞ்சு போச்சும்பாங்க, மருந்து அடிச்சு அடிச்சுத்தான் போச்சும்பாங்க, ஆளாளுக்கு ஒரு காரணம் வெச்சிருப்பாங்க.

அதைப் போக வெச்சது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு ஒட்டுண்ணிக் குளவி, அந்தப் பூச்சிக்குள்ளயே முட்டை போட்டு அதைக் கொல்றது. அந்தக் குளவிக்குப் பின்னாடி கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலையோட பூச்சியியல் ஆளுங்க, அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல இருந்த ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு டீம், பெங்களூர்ல இருக்குற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஏஆர்) பூச்சி நிறுவனம், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவுல இருந்த அமெரிக்க விவசாயத் துறை லேப்னு ஒரு பெரிய சங்கிலி இருக்கு. நிலையான விவசாயம்னு பேச்சு எடுத்தா எல்லாரும் பஞ்சகவ்யம், பாரம்பரிய நெல்லுன்னு ஆரம்பிக்கிறாங்க, அதுல தப்பில்ல, ஆனா ஒரு பல்கலைக்கழக டீம் கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குள்ள பல மாவட்டத்துல மருந்துச் செலவையே குறைச்சுக் காட்டின இந்தக் கதையை யாரும் பேசுறதில்ல.

இதுல எனக்குப் பிடிச்ச விசயம் என்னன்னா இந்த டீம் புதுசா எதையும் கண்டுபிடிக்கவே இல்ல. பூச்சிக்கு முன்னாடியே பேர் வெச்சாச்சு, அதைக் கொல்ற குளவியை முன்னாடியே வேற ஆளுங்க கண்டுபிடிச்சாச்சு, வேற ஊர்ல விட்டு ஜெயிச்சும் ஆச்சு. இவங்க செஞ்சது என்னன்னா வந்திருக்குறது எந்தப் பூச்சின்னு சரியா அடையாளம் கண்டது, யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சு கேட்டது, பர்மிட் வாங்கினது, கொண்டு வந்ததைச் சாகாம பெருக்கினது, விவசாயி கையில கொண்டு போய்ச் சேர்த்தது. இதையெல்லாம் ஆராய்ச்சின்னு யாரும் பெருசா மதிக்க மாட்டாங்க. நான் பார்த்த வரைக்கும் ரிசர்ச்ல பாதி வேலை இதுதான்.

முதல்ல அந்தப் பூச்சி எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். பப்பாளி மாவுப்பூச்சியோட சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். 1955லயே மெக்சிகோவுல சேம்பிள் எடுத்து வெச்சிருக்காங்க, ஆனா தனி இனம்னு பேர் வெச்சு எழுதினது 1992ல. அத்தனை வருசம் ஏன் யாரும் கண்டுக்கலன்னா அங்க அது ஒரு தொல்லையே இல்ல, அதைத் தின்னு கட்டுப்படுத்துற எதிரிங்க கூடவே வாழ்ந்துச்சு. 1990கள்ல கரீபியன் தீவுகளுக்குப் பரவுச்சு, 1998ல ஃபுளோரிடாவுல பிடிச்சாங்க, 2002ல பசிபிக்ல இருக்குற குவாம் தீவு, அப்புறம் பலாவ், ஹவாய்னு போய்க்கிட்டே இருந்துச்சு. போன இடத்துக்கெல்லாம் பூச்சி மட்டும் போச்சு, அதோட எதிரிங்க கூடப் போகல, அதனாலதான் போன எடமெல்லாம் வெறியாட்டம். செடி, பழம், நாத்துன்னு மனுசங்க கொண்டு போற சரக்கோட சேர்ந்து போயிருக்கும், சின்னக் குஞ்சுப் பூச்சி காத்துலயும் பறந்து போகும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது, ஆனா ஒரு பஞ்சுப் பைக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை போடும், மாசத்துக்கு ஒரு தலைமுறைன்னு வெச்சுக்கிட்டா கணக்கு எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க.

அமெரிக்க விவசாயத் துறை ஆளுங்க 1999 வாக்குலயே மெக்சிகோவுல போய்த் தேடி இந்தப் பூச்சியோட இயற்கை எதிரிகள் சிலதைப் பிடிச்சுக் கொண்டு வந்து போர்ட்டோ ரிக்கோவுல வளர்க்க ஆரம்பிச்சாங்க. அதுல முக்கியமானது மூணு குளவி: அசிரோஃபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. பேரைப் பார்த்துப் பயப்பட வேணாம், முதல் பேரை மட்டும் ஞாபகம் வெச்சாப் போதும். கரீபியன்ல விட்டாங்க, பூச்சி அடங்குச்சு. குவாம்ல விட்டாங்க, ஒரு வருசத்துக்குள்ள பூச்சி எண்ணிக்கை 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுடுச்சுன்னு 2004ல பேப்பர் போட்டாங்க.

அந்தக் குவாம் பேப்பர்ல பேர் இருக்குற ஒருத்தர் ஆர். முனியப்பன். பேரே சொல்லும் எந்தப் பக்கத்து ஆளுன்னு. குவாம் பல்கலைக்கழகத்துல ரொம்ப வருசம் பூச்சியியல் ஆராய்ச்சியில இருந்தவர், அப்புறம் வர்ஜீனியா டெக்ல இருந்த ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்துக்கு டைரக்டரா வந்தார். அந்தத் திட்டம் 1993ல ஆரம்பிச்சது, பணம் அமெரிக்க அரசாங்கத்தோட வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு கொடுத்துச்சு, வேலை என்னன்னா ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாட்டுப் பல்கலைகளோட சேர்ந்து மருந்தைக் கம்மியா அடிச்சு விளைய வைக்கிறது எப்படின்னு பார்க்குறது. இந்தியாவுல அவங்களோட கூட்டாளி நம்ம கோவை வேளாண் பல்கலை. வெங்காயம், தக்காளி, வெண்டை, காலிஃபிளவர்னு காய்கறிக்கு மருந்தைக் குறைச்சு என்ன செய்யலாம்னு ஒரு தொகுப்பா உருவாக்குறதுதான் இங்க அவங்க வேலை. பப்பாளி அவங்க பிளான்லயே கிடையாது.

2008 மே மாசம் இந்தோனேசியாவுல போகோர் தாவரவியல் பூங்காவுல இந்தப் பூச்சி கிடைக்குது, ஜூலையில கோயம்புத்தூர்ல கிடைக்குது. ரெண்டையும் சேர்த்து முதல் ரிப்போர்ட் எழுதின டீம்ல முனியப்பனும் இருக்கார். குவாம்ல ஆறு வருசம் முன்னாடி இதே பூச்சியோட மல்லுக்கட்டின ஆளு கோயம்புத்தூருக்கு வந்து போய்க்கிட்டு இருந்தாருங்கறது நமக்கு அடிச்ச லக்குன்னுதான் சொல்லணும்.

அடையாளம் காண்றதுல என்ன இருக்கு, வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சிதானேன்னு தோணும். அங்கதான் பிரச்சினையே. அந்த நேரத்துல நம்ம வயல்ல ஏற்கனவே மாவுப்பூச்சி வகைவகையா இருந்துச்சு. பருத்தியில வேற ஒரு வெளிநாட்டு மாவுப்பூச்சி அதுக்குக் கொஞ்ச வருசம் முன்னாடிதான் வந்து வடக்க பஞ்சாப் வரைக்கும் அடிச்சிருந்துச்சு. மல்பெரியில டுக்ரான்னு ஒரு பழைய தொல்லை உண்டு, குருத்து சுருண்டு முறுக்கிக்கும், அதுக்குக் காரணம் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதனால பட்டு வளக்குறவங்க இதையும் டுக்ரான்னே நெனச்சிருப்பாங்க. ஒவ்வொரு மாவுப்பூச்சிக்கும் குளவி வேற வேற, ஆளை மாத்திப் பிடிச்சா கொண்டு வர்ற குளவி பட்டினி கிடந்து செத்துப் போகும். அதனால பூச்சியை மருந்துல ஊற வெச்சு, உள்ள இருக்குறதெல்லாம் கரைஞ்சதும் சாயம் ஏத்தி, கண்ணாடி ஸ்லைடுல வெச்சு, மைக்ராஸ்கோப்ல உடம்போட ஓரத்துல மட்டும் இருக்குற பொடிக் குழாய்களையும் பின்னங்கால்ல துளை இருக்கா இல்லையான்னும் பார்த்து முடிவு பண்ணுவாங்க. உலகத்துல இதைச் சரியாச் செய்யத் தெரிஞ்ச ஆளுங்க ரொம்பக் கொஞ்சம். வயல்ல நின்னு சந்தேகப்படுறதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு, ஆல்கஹால்ல போட்டு வெச்சா மஞ்சள் பூச்சி கொஞ்ச நாள்ல நீலம் கலந்த கருப்பா மாறிடும்.

சரி, அடையாளம் தெரிஞ்சாச்சு, அதைக் கொல்ற குளவியும் தெரிஞ்சாச்சு, போர்ட்டோ ரிக்கோவுல ரெடியா இருக்கு. உடனே வந்துச்சா? இல்ல. 2008 ஜூலையில பூச்சியைப் பிடிச்சாங்க, 2010 ஜூலையிலதான் குளவி பெங்களூர் வந்து இறங்குச்சு. நடுவுல ரெண்டு வருசம்.

அந்த ரெண்டு வருசம் விவசாயி என்ன பண்ணுவாரு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மருந்தைத்தான் அடிச்சாரு. புரோஃபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமீத்தோயேட், ஒண்ணு கேக்கலன்னா ரெண்டைக் கலந்து, வாரத்துக்கு ஒரு தரம். மாவுப்பூச்சிக்கு மேல மெழுகுப் படலம் இருக்கு, தண்ணியில கலந்த மருந்து அதுல ஒட்டாம வழிஞ்சு ஓடும், முட்டை பஞ்சுப் பைக்குள்ள பத்திரமா இருக்கும், அதனால இன்னைக்கு அடிச்சா நாலு நாள் அடங்கின மாதிரி இருந்துட்டு முட்டை பொரிஞ்சு பழையபடி ஏறிடும். ஆனா அதைத் தின்ன வந்த உள்ளூர் எதிரிங்களுக்கு மெழுகுச் சட்டை கிடையாதே, அதுங்க முதல் அடியிலயே காலி. இதுல ஒரு கொடுமை என்னன்னா, மாவுப்பூச்சியத் தின்னுற கிரிப்டோலீமஸ்னு ஒரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு இருக்கு, அதோட புழு பார்க்குறதுக்கு வெள்ளையா மாவுப்பூச்சி கணக்காவே இருக்கும், கொஞ்சம் பெருசு, வேகமா நடக்கும், நம்மாளுங்க அதையும் பூச்சின்னு நெனச்சு நசுக்கித் தள்ளினாங்க.

மல்பெரிக்காரங்க நிலைமை இன்னும் மோசம். அவங்களால மருந்தும் அடிக்க முடியாது. இலையில கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தாலும் பட்டுப்புழு தின்னுட்டு செத்துடும், புழு வளர்க்குற மனையில இருக்குற மொத்தப் புழுவும் ஒரே நாள்ல போயிடும். அடிக்காம விட்டா இலையே இல்ல. உடுமலை சுத்துப்பட்டுல பட்டை நம்பிக் கடன் வாங்கி மனை கட்டினவங்க மல்பெரியை வேரோட பிடுங்கிப் போட்டாங்க. பப்பாளியில பால் எடுத்து விக்கிறவங்களுக்கும் அதே கதி, காயைக் கீறிப் பால் எடுத்துக் காய வெச்சாத்தான் பப்பாயின்னு ஒரு நொதி கிடைக்கும், காயே பிசுபிசுன்னு கரும்பூசணம் பிடிச்சுக் கிடந்தா எங்க கீறுறது. சேலம், நாமக்கல்ல மரவள்ளி, அதை நம்பி ஜவ்வரிசி ஆலை. இப்படி ஒரு பூச்சி ஒரே நேரத்துல இத்தனை பேர் பொழப்புல கை வெச்சது நம்ம பக்கம் அபூர்வம்.

ரெண்டு வருசத் தாமதத்துக்கு ஆபீஸ் பைல் மேல மட்டும் பழி போட முடியாதுன்னு நான் நெனக்கிறேன். வெளிநாட்டு உயிர் ஒண்ணை வேணும்னே நாட்டுக்குள்ள விடுறது சின்ன விசயம் இல்ல. ஆஸ்திரேலியாவுல 1935ல கரும்பு வண்டைத் தின்னட்டும்னு தென் அமெரிக்கத் தேரையைக் கொண்டு வந்து விட்டாங்க, அது வண்டை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் தின்னு இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டுக்குத் தலைவலியா இருக்கு. அதுக்குக் காரணம் தேரை எதை வேணும்னாலும் தின்னும். இந்தக் குளவி அப்படிக் கிடையாது, பப்பாளி மாவுப்பூச்சி கிடைக்கலன்னா அதுக்கு முட்டை போட வேற எடமே இல்லாத அளவுக்கு ஒரே பூச்சியை நம்பி வாழுற ஜீவன். ஆனா அதைச் சும்மா சொன்னா ஆகாது, பெங்களூர்ல மூடின லேப்ல வெச்சு பட்டுப்புழுவைத் தொடுதா, அரக்குப் பூச்சியைத் தொடுதா, நமக்கு வேண்டிய மத்த பூச்சிகளைத் தொடுதான்னு பார்க்கணும். பார்த்தாங்க, தொடல, 2010 அக்டோபர்ல வயல்ல விடலாம்னு ஓகே ஆச்சு. ஜூலையில வந்து அக்டோபர்ல வெளிய விட்டது நம்ம நாட்டு வேகத்துக்கு ரொம்ப நல்ல வேகம். தாமதம் அதுக்கு முன்னாடிதான், யார் கேக்குறது, எந்த நிறுவனம் வழியா வாங்குறதுன்னு முடிவாகுறதுல. பக்கத்துல இலங்கையிலயும் அதே 2008லதான் பூச்சி வந்துச்சு, அவங்க நமக்கு முன்னாடியே குளவியை வரவழைச்சு விட்டுட்டாங்க.

வேற ஊர்ப் பூச்சியைக் கொண்டு வந்து விடுற பழக்கம் நம்ம பக்கம் புதுசும் இல்ல. 1795ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க செஞ்சாயம் எடுக்கலாம்னு பிரேசில்ல இருந்து காக்கினீல் பூச்சியைக் கொண்டு வந்தாங்க, வந்தது தப்பான இனம், சாயம் தேறல, ஆனா தென்னிந்தியாவுல மண்டிக்கிடந்த ஒரு சப்பாத்திக்கள்ளி வகையையே தின்னு தீர்த்துடுச்சு. நீலகிரியில 1920களோட கடைசியில ஆஸ்திரேலியச் செதில் பூச்சி ஒண்ணு சவுக்கு மாதிரி வளர்க்குற வாட்டில் மரத்துல வந்தப்ப ரொடோலியா பொறிவண்டைக் கொண்டு வந்து விட்டு அடக்கினாங்க. அந்தப் பொறிவண்டு அதுக்கும் நாப்பது வருசம் முன்னாடி கலிபோர்னியாவுல ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாத்தினது.

இனி லேப் வாழ்க்கைக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்ப சுவாரசியம். பெங்களூர்ல இருந்து கோவைக்கு வந்தது கொஞ்சம் குளவிங்கதான். அதை வெச்சு தமிழ்நாடு பூரா விடணும்னா லட்சக்கணக்குல பெருக்கணும், குளவியைப் பெருக்கணும்னா முதல்ல மாவுப்பூச்சியைப் பெருக்கணும். ஊரே எதைக் கொல்லலாம்னு அலையுதோ அதையே லேப்ல ஊட்டி வளர்க்கணும்! அதுக்கு உருளைக்கிழங்கை வாங்கி இருட்டு ரூம்ல ஈரமண்ணுல பரப்பி முளை விட வைப்பாங்க, வெள்ளை முளை ஒரு விரல் நீளம் வந்ததும் அதுல மாவுப்பூச்சியோட முட்டைப் பையைப் பிரஷ்ல எடுத்து வைப்பாங்க, குஞ்சு பொரிஞ்சு முளையில ஏறி ரெண்டாம் பருவம் வர்றதுக்கு நாள் எண்ணணும். அசிரோஃபேகஸ் பெண் குளவி அந்தச் சின்னப் பருவத்துப் பூச்சியைத்தான் தேடி உள்ள முட்டை போடும். ரொம்பச் சின்னதா இருந்தா வேணாம், வளந்துடுச்சுன்னாலும் அவ்வளவாப் பிடிக்காது. அதனால கிழங்கு, முளை, பூச்சி, குளவி நாலும் ஒரே தேதிக்கு ரெடியாகணும். ஒண்ணு பிந்தினா அந்த பேட்ச் வீணு.

முட்டை போட்டதும் உள்ள பொரியுற புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும், பூச்சி செத்து உப்பி மஞ்சள் காவி நிறத்துல கூடா நிக்கும், ரெண்டு வாரம் சொச்சத்துல அதுல வட்டமா ஓட்டை போட்டுக்கிட்டு புதுக் குளவி வெளிய வரும். வந்ததை ஆஸ்பிரேட்டர்னு ஒரு குழாயில உறிஞ்சிப் பிடிக்கணும், ஒரு முனை வாயில, இன்னொரு முனை குளவிகிட்ட, நடுவுல வலை, வலை கிழிஞ்சிருந்தா குளவி வாய்க்குள்ள. எம்எஸ்சி, பிஎச்டி பசங்க பாதி நாள் இதுலதான் போவும். குப்பியில பிடிச்சு, தேன் தடவின பேப்பர் துண்டு ஒண்ணு உள்ள வெச்சு, வெயில் படாம வண்டியில கொண்டு போய் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தோட்டத்துல திறந்து விடணும். குளவிக்கு ஆயுசே சில நாள்தான், பஸ்ல ஒரு நாள் போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கும். அதனாலதான் கோவையில மட்டும் வளர்க்காம மாவட்டத்துல இருக்குற ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம்னு பல எடத்துல வளர்க்க ஏற்பாடு பண்ணாங்க, பட்டு வளர்ச்சித் துறை ஆளுங்களும் கை கொடுத்தாங்க.

இதுலயும் கஷ்டமான பார்ட் விவசாயிகிட்ட பேசுறது. கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு பூச்சி நாலைக் குப்பியில கொண்டு வந்து கொடுத்து, இதை விட்டுட்டு மருந்து அடிக்காம இருங்கன்னா யாருக்குங்க மனசு வரும், ரெண்டு வருசமா நஷ்டத்துல இருக்குற மனுசன். ஆனா அடிக்கக் கூடாதுங்கறதுதான் மொத்த வேலைக்கும் உயிர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடிச்சாலும் காத்துல வந்து இங்க குளவி சாகும், அதனால ஒருத்தரை மட்டும் ஒத்துக்க வெச்சாப் பத்தாது, ஊரையே ஒத்துக்க வைக்கணும். இதுல மல்பெரிக்காரங்கதான் சீக்கிரம் ஒத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தோணுது, அவங்களுக்குத்தான் அடிக்க வழியே இல்லையே.

அஞ்சாறு மாசத்துல மாற்றம் தெரிஞ்சுச்சு. 2011ல கோவை மண்டலத்துல பல எடத்துல பப்பாளி மறுபடி துளிர் விட்டுச்சு, பிடுங்கிப் போட்ட எடத்துல மல்பெரி குச்சி நட ஆரம்பிச்சாங்க. கொண்டு வந்த மூணு குளவியில அசிரோஃபேகஸ்தான் இங்க நல்லா நிலைச்சது, மத்த ரெண்டும் ரொம்ப சோபிக்கல. அதுக்கப்புறம் யாரும் வளர்த்து விட வேண்டிய அவசியம் இல்லாம அதுவே பறந்து பரவுச்சு, விடாத எடத்துலயும் போய்ச் சேர்ந்துச்சு. பூச்சி சுத்தமா ஒழியல, ஒழியவும் கூடாது, ஒழிஞ்சா குளவியும் சேர்ந்து செத்துடும். கொஞ்சம் பூச்சி, கொஞ்சம் குளவின்னு எங்கயோ ஒரு மூலையில ரெண்டும் ஓட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் சரியான நிலைமை.

இதோட மதிப்பு என்னன்னு வர்ஜீனியா டெக் பொருளாதார ஆளுங்களும் கோவை ஆளுங்களும் சேர்ந்து கணக்குப் போட்டு 2014ல ஒரு பேப்பர் எழுதினாங்க. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, தக்காளி, கத்தரி அஞ்சு பயிரை எடுத்துக்கிட்டு, முதல் வருசத்துல மட்டும் 12 கோடியே 10 லட்சம் டாலர்ல இருந்து 30 கோடியே 90 லட்சம் டாலர் வரைக்கும் பலன், அஞ்சு வருசத்துக்கு 52 கோடி டாலர்ல இருந்து 134 கோடி டாலர் வரைக்கும்னு சொன்னாங்க. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் ரெண்டரை மடங்கு வித்தியாசம் இருக்குல்ல, ஏன்னா இந்த மாதிரிக் கணக்குல குளவி வரலன்னா எவ்வளவு நஷ்டம் ஆகியிருக்கும்னு ஒரு ஊகம் போட்டே ஆகணும், அந்த ஊகத்தை மாத்தினா விடையும் மாறும். நான் அந்தக் கீழ் எண்ணையே எடுத்துக்கிறேன், அதுவே செலவோட ஒப்பிட்டா எங்கயோ இருக்கு. இதுல ஒரு ரூபாய் கூட எந்தக் கம்பெனிக்கும் போகலங்கறதுதான் முக்கியம், குளவிக்கு பேட்டண்ட் கிடையாது, அடுத்த வருசம் திரும்ப வாங்கத் தேவை இல்ல, அதனாலதான் எந்தத் தனியார் கம்பெனியும் இந்த வேலைக்கு வரவும் வராது. இது பப்ளிக் பணத்துல பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இதே மாதிரி ஒரு பெரிய கதை மரவள்ளிக்கு ஆப்பிரிக்காவுல நடந்திருக்கு. அங்க 1970கள்ல மரவள்ளி மாவுப்பூச்சின்னு வேற ஒண்ணு தென் அமெரிக்காவுல இருந்து வந்து காங்கோவுல ஆரம்பிச்சு கண்டம் பூரா பரவி, அதையே சோறா சாப்பிடுற மக்கள் பட்டினி கிடக்குற நிலைமைக்கு வந்தாங்க. அதோட எதிரிக் குளவியைப் பராகுவேயில கண்டுபிடிச்சு 1981ல நைஜீரியாவுல விட்டாங்க, அந்த வேலையை நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சது. அதே மாவுப்பூச்சி 2008 வாக்குல தாய்லாந்துக்கு வந்தப்ப அவங்க அடுத்த வருசமே குளவியை வரவழைச்சு 2010ல ஏரோபிளேன்ல கொண்டு போயெல்லாம் தூவினாங்க.

நம்ம ஊருக்கு அது 2020ல வந்துச்சு. முதல்ல கேரளாவுல திருச்சூர்ல பார்த்தாங்க, அப்புறம் சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் குருத்தெல்லாம் சுருண்டு போச்சு. பப்பாளி மாவுப்பூச்சிக்கு வந்த குளவி இதுக்கு உதவாது, ஆளே வேற. 2021 ஆகஸ்ட்ல மேற்கு ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து அனகைரஸ் லோப்பேசி குளவியை பெங்களூர் நிறுவனம் வரவழைச்சது, 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல இருக்குற வேளாண் பல்கலையோட மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல முதல் தடவையா வயல்ல விட்டாங்க. மறுபடியும் ரெண்டு வருசம். நடுவுல கொரோனா இருந்துச்சு, ஒத்துக்கிறேன், ஆனா தாய்லாந்துக்குப் பூச்சி வந்தப்பவே அடுத்து நம்ம மரவள்ளிதான்னு தெரிஞ்சிருக்கணும், பத்து வருசம் டைம் இருந்துச்சு, பர்மிட் பேப்பரையாவது முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கலாம். இந்த ஒரு விசயத்துல எனக்குக் கோவம்தான்.

தென்னையில பாடம் கொஞ்சம் ஏறியிருக்கு. 2016ல பொள்ளாச்சியில சுருள் வெள்ளை ஈ வந்தப்ப கோவை வேளாண் பல்கலை முதல்ல சொன்னதே மருந்து அடிக்காதீங்கன்னுதான். என்கார்சியான்னு ஒரு குளவி அந்த ஈயோடவே எப்படியோ வந்து சேர்ந்திருந்துச்சு, அதைக் காப்பாத்தினாப் போதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க, இலையில படிஞ்ச கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக் கரைச்சு அடிங்க, காஞ்சதும் உதிர்ந்துடும்னாங்க. தென்னை ஈ பப்பாளிப் பூச்சி மாதிரி சட்டுனு அடங்கல, இன்னும் வெயில் காலத்துல ஏறுது, அதனால நிறைய பேர் இந்த அட்வைஸைத் திட்டுறாங்க. எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாதிரி வெற்றி கிடைக்காதுங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

பணம் கொடுத்த யுஎஸ்எய்டை 2025ல அமெரிக்க அரசாங்கமே மூடிடுச்சு. அவங்க அரசியல் என்னவோ, ஆனா குவாம்ல வேலை செஞ்ச ஆளு கோயம்புத்தூர் வயல்ல வந்து நின்னதுக்கும், போர்ட்டோ ரிக்கோ லேப் போனை எடுத்ததுக்கும் பின்னாடி அந்த மாதிரித் திட்டங்கள்தான் இருந்துச்சு. பப்பாளி மாவுப்பூச்சி அப்புறம் ஆப்பிரிக்காவுக்கும் போச்சு, கானாவுல குளவி விட்டாங்க, 2021ல கென்யாவுக்கு அந்தக் கானாவுல இருந்துதான் குளவி போச்சு. அடுத்த பூச்சி எந்தத் துறைமுகம் வழியா வரும்னு தெரியாது, வர்றப்ப யாருக்கு போன் பண்ணணும்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது நம்ம பல்கலைகள்ல இருக்கணும். அதுக்கு நம்ம அரசாங்கம்தான் இனி செலவு பண்ணணும், வெளிநாடு போற பூச்சியியல் ஆளுக்கு டிக்கெட் போடுறது கூட ஒரு பயிர்ப் பாதுகாப்புச் செலவுதான்.

இப்பவும் அங்கங்க பப்பாளியில வெள்ளை தட்டுப்படும், குறிப்பா பக்கத்துல எதுக்காவது விடாம மருந்து அடிக்கிற தோட்டத்துல. பார்த்த உடனே ஸ்பிரேயரைத் தூக்காதீங்க, ஒரு இலையைப் பறிச்சு அடிப்பக்கம் வெளிச்சத்துல பாருங்க, உப்பின காவி நிறக் கூடும் அதுல குண்டூசி முனை அளவு ஓட்டையும் இருந்தா குளவி வேலை பார்த்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், எறும்பு ஏறாம மட்டும் பார்த்துக்கோங்க, மாவுப்பூச்சி விடுற இனிப்புப் பிசினுக்காக எறும்பு குளவியைக் கிட்டவே விடாது. கூடு ஒண்ணு கூட இல்லன்னா மோசமா இருக்குற கிளையை வெட்டி, மத்தத்துல தண்ணியை வேகமாப் பீச்சி அடிச்சுட்டு, இலையோட ஒரு சேம்பிளைக் கவர்ல போட்டு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துல கொண்டு போய்க் காட்டுங்க.